மேல் முடிச்சில் ஒரு சிவப்பு நூல்

ஸ்மிர்செவோ,
ஜனவரி 20

அன்புத் தங்கை ஸ்லாவ்காவுக்கு,

நீ நலமா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ பார்த்துக்கொள்ளும் அதெல்மா கிழவி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, இல்லை இன்னும் தட்டைத் தள்ளிவிடுகிறாளா? நான் இருக்கிறேன்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் அழுகைதான் முந்துகிறது, பேச்சு வருவதில்லை. காகிதமென்றால் நான் அழுது முடிக்கும்வரை காத்திருக்கும். பிழை இருந்தால் சிரிக்காதே. எட்டாம் வகுப்போடு நின்றவள்தானே உன் அக்கா.

இன்று ரங்கெலுக்கு நாற்பதாம் நாள். கோதுமை வேகவைத்து, அக்ரூட் தூவி, சர்க்கரை போர்த்தி எடுத்துப் போனேன். பாதிரியார் கல்லறையில் ஊற்ற ஒயின் கேட்டார். நான் தண்ணீர்ப் புட்டியை நீட்டினேன்.

“என்னம்மா இது, தண்ணியா? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“குடிக்காத புள்ளைக்கு எதுக்கு சாமி ஒயின்?” என்றேன்.

பக்கத்தில் உன் புருஷன் கிரில் நின்றிருந்தான். தலையைக் குனிந்துகொண்டான். நான் கொடுத்த கோதுமையை வாயில் போட்டான், விழுங்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் போய்த் துப்பியதைப் பார்த்தேன். அவனுக்கு உடம்பு சரியில்லையோ, விசாரி.

ரங்கெல் படம் போட்ட அஞ்சலித் தாளை நம் வீட்டுக் கதவில், உன் வீட்டுக் கதவில், பேருந்து நிறுத்தத்தில், ரொட்டிக் கடையில் ஒட்டினேன். அவன் வேலை பார்த்த இடமாயிற்றே என்று ரோப் கார் வாசலிலும் ஒட்டினேன். மத்தியானத்துக்குள் கிழித்துவிட்டார்கள். பனிச்சறுக்கு ஆட வருகிறவர்களுக்கு மனசு கெட்டுப்போகுமாம்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். கம்பெனி விசாரணைக்குக் கொடுத்த காகிதத்தைப் பக்கத்து வீட்டு மிலென்கா படித்துக் காட்டினாள். “குளக்கரையில் பாதுகாப்புக் கயிறு இருந்தது. இறந்தவர் குடித்திருந்ததால் அதைப் பிடிக்கவில்லை” என்று எழுதியிருக்கிறது. கீழே ஷிப்ட் மேஸ்திரி என்று கிரில் கையெழுத்து. மஞ்சள் காமாலை வந்ததிலிருந்து என் பிள்ளை ஒரு சொட்டுத் தொட்டதில்லை, உனக்கே தெரியும். அந்த வரி போக வேண்டும், ஸ்லாவ்கா. பிள்ளை வரமாட்டான், அந்த வரியாவது போகட்டும். கிரிலிடம் கேட்டு எழுது.

முத்தங்களுடன்,
உன் அக்கா ஸ்தமேனா


பாதுவா,
பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். முழங்கால் அப்படியேதான். கிழவி இப்போது என் கையால் கொடுத்தால் மட்டும் சாப்பிடுகிறாள்.

அடக்கத்துக்கு வரமுடியாததை நினைத்து நினைத்துச் சாகிறேன். கிழவியின் மகள் மாற்று ஆள் கிடைக்காமல் விடமாட்டேன் என்றாள். இங்கே ஒரு தேவாலயத்தில் ரங்கெலுக்காக மெழுகுவத்தி ஏற்றினேன். நம்முடைய சபை இல்லை, இருந்தாலும் தீ ஒன்றுதானே.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். கம்பளிச் சட்டை உனக்கு, காபித்தூள் மிலென்காவுக்கு. குளிரில் கல்லறைக்கு நடக்காதே. சாப்பிடு. நீ சாப்பிடுவதில்லை என்று கிரில் சொன்னான்.

நீ கேட்டதைக் கிரிலிடம் கேட்டேன். அன்று காலை மூடுபனி, எதுவும் சரியாகத் தெரியவில்லை என்கிறான். அவனும் தூங்குவதில்லை, அக்கா. அவனைத் துருவாதே.

அன்புடன்,
ஸ்லாவ்கா


ஸ்மிர்செவோ,
பிப்ரவரி 25

அன்புத் தங்கைக்கு,

நலமா? பார்சல் வந்தது. சட்டை தோளில் தொளதொளவென்று இருக்கிறது. தப்பு உன்னுடையது இல்லை, நான்தான் இளைத்துவிட்டேன்.

இங்கே பதினைந்து நாளாக மழை. பிப்ரவரியில் மழை! மலை முழுக்கப் பழுப்புப் புல், நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. காயத்தில் கட்டிய துணி மாதிரி இருக்கிறது. அந்தக் கோட்டில்தான் முந்நூறு பேர் முட்டிமோதிச் சறுக்குகிறார்கள். இரண்டு பக்கமும் சேறு. பனி செய்யும் மெஷின் இரவெல்லாம் கத்துகிறது, பகலில் மழை அதைக் கரைக்கிறது, மறுபடி கத்துகிறது.

மூடுபனி என்று எழுதினாய். சரி. நீ ஊரை விட்டுப் போனபின் வந்ததுதானே அந்தக் குளம், அதனால் சொல்கிறேன். காட்டை வெட்டிக் குழி தோண்டி, கறுப்புப் பிளாஸ்டிக் விரித்து, நம் ஓடையைத் திருப்பி உள்ளே விட்டிருக்கிறார்கள். பனி மெஷினுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான். கரை செங்குத்து. பிளாஸ்டிக் எண்ணெய் பூசியதுபோல வழுக்கும். முதல் வருஷம் ஒரு மான் விழுந்து, மூன்று மணி நேரம் சுற்றிச் சுற்றி நீந்திச் செத்தது. ரங்கெல் அன்று வந்து சோறே சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் கம்பெனி ஒரு கயிறு கொடுத்தது. வழவழவென்று இருந்தது. அவன் வீட்டுக்குத் தூக்கி வந்தான்.

“அம்மா, கை ஈரமா இருந்தா இது நழுவிடும். முடிச்சுப் போட்டுக் குடேன்.”

“உங்க சித்தப்பனுக்குக் கை இல்லையா?”

“அவர் போட்ட முடிச்சு அவருக்கே அவுராது. நீ போடு.”

ஒரு சாணுக்கு ஒரு முடிச்சாக, இருபத்திரண்டு முடிச்சு என் கையால் போட்டேன். அது மார்ச் மாதம். எல்லோரும் மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்பு-வெள்ளை நூலை அவிழ்த்துப் பூத்த மரத்தில் கட்டுகிற நாள். “அங்க கட்ட மரம் ஏதும்மா? எல்லாத்தையும் வெட்டிட்டாங்களே” என்று அவன் தன் நூலைக் கயிற்றின் மேல் முடிச்சில் கட்டினான். சிரித்துக்கொண்டே கட்டினான்.

டிசம்பர் பன்னிரண்டு காலை ஏழு மணிக்கு, குழாய் வாயில் சேர்ந்த ஐஸை உடைக்கப் போனவன். ஐஸ் மெல்லிசு, உடைந்தது. அவ்வளவுதான் எனக்குச் சொன்னார்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அன்று அந்தக் கயிறு அங்கே இருந்ததா? ஆம், இல்லை. நீ எழுது.

கிரில் இன்று வந்து எனக்கு விறகு பிளந்து அடுக்கிவிட்டுப் போனான். நான் கேட்கவில்லை, அவனாகவே வந்தான்.

அக்கா ஸ்தமேனா


பாதுவா,
மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. கிழவிக்குக் காய்ச்சல், நான் நாற்காலியிலேயே தூங்கினேன். நீ எப்படி இருக்கிறாய்? விறகு போதுமா?

உனக்காகச் சிவப்பு-வெள்ளை நூல் முறுக்கினேன். பிறகுதான் நினைத்தேன், துக்க வீட்டுக்கு அனுப்பலாமா என்று. அனுப்பவில்லை. பெட்டியில் இருக்கிறது.

எங்கள் பெண் தெசிஸ்லாவாவுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம். கிரிலுக்கு ஐம்பத்து நாலு வயது. கம்பெனியை விட்டால் ஊரில் என்ன வேலை இருக்கிறது, சொல். உருளைக்கிழங்கா? அதற்கான ஓடையையும் குளத்துக்குத் திருப்பிவிட்டார்கள் என்கிறாயே.

அக்கா, உனக்குப் புத்தி சொல்லும் வயது எனக்கில்லை. ஆனால் போனவன் போய்விட்டான். காகிதத்தில் என்ன எழுதியிருந்தால் என்ன? அவன் எப்படிப்பட்ட பிள்ளை என்று ஊருக்குத் தெரியும். விட்டுவிடு. உன் உடம்புக்காகச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஸ்லாவ்கா


ஸ்மிர்செவோ,
ஏப்ரல் 14

ஸ்லாவ்காவுக்கு,

நலமா? கிழவியின் காய்ச்சல் இறங்கியதா?

ஊருக்குத் தெரியும் என்று எழுதினாய். போன வாரம் ரொட்டிக் கடையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். புதிதாகக் குடிவந்தவர்கள், என்னைத் தெரியாது.

“அந்தக் குடிகாரப் பையன் விழுந்த குளம் இருக்கே, அதுக்குப் பக்கத்துலதான் எங்க வீட்டுக்காரருக்கு வேலை.”

“ஐயோ, குடிச்சுட்டா அங்க போறது?”

நான் ரொட்டி வாங்காமல் வந்துவிட்டேன்.

ஊருக்கு இதுதான் தெரியும்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். கயிறு என்னிடம் இருக்கிறது.

ரங்கெல் போன ஒன்பதாம் நாள் மலைக்கு ஏறிப்போனேன். போன வருஷத்துப் பனியைக் கோடையில் கரையாமல் காப்பாற்ற ஒரு குன்றாகக் குவித்து, வெட்டிய மரங்களின் தூளைக் கொட்டி, மேலே பெரிய வெள்ளைத் துணி போர்த்துவார்கள் அல்லவா? டிசம்பர் எட்டாம் தேதி மாணவர் திருநாளுக்கு அந்தக் குன்றைத்தான் பிரித்துச் சரிவில் பரப்பினார்கள். வானத்திலிருந்து ஒன்றும் விழவில்லை. பிரித்த துணியைச் சுருட்டி ஓரமாகக் கட்டிப் போட்டிருந்தார்கள். கட்டியிருந்தது என் கயிறு. இருபத்திரண்டு முடிச்சு. மேல் முடிச்சில் ரங்கெல் நூல், சாயம் போய்க் கிடந்தது. எட்டாம் தேதி சுருட்டிய துணியில் இருந்த கயிறு, பன்னிரண்டாம் தேதி குளத்தில் எப்படி இருக்கும்?

விசாரணை அதிகாரியிடம் கொண்டுபோனேன். மரியாதையாகத்தான் பேசினார். “அம்மா, நீங்க இதை எப்ப எடுத்தீங்க, எங்கேருந்து எடுத்தீங்கன்னு யார் சொல்லுவா? கயிறு பேசாது. ஒரு மனுஷன் வந்து சொல்லணும்” என்றார்.

நேற்று மறுபடி குன்று குவித்தார்கள். மிச்சமிருந்த அழுக்குப் பனியை மெஷினால் தள்ளி, தூள் கொட்டிப் போர்த்தினார்கள். கிரில் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தான். இந்த முறை துணி பறக்காமல் கல் வைத்தார்கள்.

அக்கா


பாதுவா,
மே 5

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், அக்கா. ஈஸ்டர் வாழ்த்து. முட்டைக்குச் சிவப்புச் சாயம் இங்கே கிடைக்கவில்லை, வெங்காயத் தோலில் வேகவைத்தேன். எனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, அதிகம் எழுதக்கூடாது என்று மருத்துவர் சொன்னார்.

ஸ்லாவ்கா


ஸ்மிர்செவோ,
ஆகஸ்ட் 17

ஸ்லாவ்காவுக்கு,

மெய்யாகவே உயிர்த்தெழுந்தார். பதில் சொல்ல மூன்று மாதம் ஆகிவிட்டது. உன் ரத்த அழுத்தம் எப்படி? மாத்திரை விடாமல் சாப்பிடு.

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. அதுதான் ஆச்சரியம்.

மே கடைசியில் ஒரு நாள் கொட்டிய மழையில், மரம் வெட்டிய சரிவு முழுக்க இறங்கி வந்துவிட்டது. கீழ்த்தெருவில் முழங்கால் அளவு சேறு. மிலென்காவின் கோழிகள் போயின. ஜூலையிலிருந்து நேர்மாறு. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர், அதுவும் இரண்டு மணி நேரம். ஓடையில் கல்தான் இருக்கிறது. நீயும் நானும் கையால் மீன் தடவிப் பிடித்த அந்த மடுவில் இப்போது யாரோ பழைய மெத்தையைப் போட்டிருக்கிறார்கள்.

மேலே குளம் மட்டும் நிறைந்திருக்கிறது. பனி விழாத வருஷத்துக்கு வேறு வருமானம் வேண்டுமாம். மிதிபடகு விட்டிருக்கிறார்கள். மரப்பலகை மேடை கட்டி, “வானக் கண்ணாடி ஏரி” என்று பெயர்ப் பலகை வைத்திருக்கிறார்கள். பிள்ளை விழுந்த இடத்தில் நின்று ஜோடி ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மேடைப் பக்கம் மிதவை வளையம் இருக்கிறது. பம்ப் பக்கம், வேலைக்காரர்கள் போகிற பக்கம், ஒன்றுமில்லை. நான் கடைக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கி, முடிச்சுப் போட்டு, இரும்புக் கம்பத்தில் கட்டிவிட்டு வந்தேன். மறுநாள் அறுத்திருந்தார்கள். காவல்காரன் என்னிடம், “கோவிச்சுக்காதீங்க, போட்டோல அசிங்கமாத் தெரியுதாம்” என்றான். மறுபடி கட்டினேன். மறுபடி அறுத்தார்கள். இதுவரை நாலு.

இரண்டாவது குளத்துக்கு இடம் அளந்து முளை அடித்திருக்கிறார்கள்.

ஆறு மாத அஞ்சலித் தாளை ஜூனில் ஒட்டினேன். உன் வீட்டுக் கதவில் ஒட்டியதை மட்டும் யாரும் கிழிக்கவில்லை. மழையில் நனைந்தபோது யாரோ மேலே பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள்.

அக்கா


பாதுவா,
அக்டோபர் 19

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

கிழவி போன மாதம் இறந்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டே போனாள். அவள் விரலைப் பிரித்து எடுக்கும்போது எனக்கு ரங்கெல்தான் நினைவில் வந்தான். பிடிக்க ஒன்றுமில்லாமல் அந்தப் பிளாஸ்டிக்கைச் சுரண்டியிருப்பானே என்று.

எழுதிவிடுகிறேன்.

ரங்கெல் போன அன்று பகல் பதினொன்றரை மணிக்குக் கிரில் போன் செய்தான். கிழவிக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். குழந்தை மாதிரி அழுதான்.

“ஸ்லாவ்கா, அஞ்சாந்தேதி காத்துல துணி பிச்சிக்கிட்டுப் போச்சு. திருநாளுக்குள்ள பனி கரைஞ்சா தலை போயிடும்னு மேனேஜர் கத்தினாரு. அந்த நேரத்துக்கு வேற கயிறு கிடைக்கல. குளத்துக் கயித்தை நான்தான் அவுத்தேன். நாளைக்குத் திரும்பக் கட்டிக்கலாம்னு நெனச்சேன். மறந்துட்டேன். மறந்தே போயிட்டேன். நம்ம ரங்கெலு…”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அழாதே என்று சொல்லவில்லை. அக்காவிடம் போ என்று சொல்லவில்லை. “யார்கிட்டயாவது சொன்னியா?” என்று கேட்டேன். இல்லை என்றான். “அப்ப சொல்லாத. அவங்க எதை எழுதினாலும் கையெழுத்துப் போடு” என்றேன். கரண்டி கையிலேயே இருந்தது. போனை வைத்துவிட்டு மிச்ச சூப்பையும் ஊட்டினேன்.

குடித்திருந்தான் என்று எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது. இது சாக்கு இல்லை.

நேற்று கிரிலிடம், போய் எல்லாவற்றையும் சொல் என்று சொல்லிவிட்டேன். இனி நீ என்னை என்ன செய்தாலும் சரி.

ஸ்லாவ்கா


ஸ்மிர்செவோ,
நவம்பர் 11

ஸ்லாவ்காவுக்கு,

அதெல்மா கிழவிக்கு மண் லேசாக இருக்கட்டும். இப்போது நீ எங்கே தங்கியிருக்கிறாய்? வேறு வேலை கிடைத்ததா?

நீ எழுதியது எனக்கு பிப்ரவரியிலேயே தெரியும்.

விறகு பிளக்க வந்தானே கிரில், அன்று. கோடாலியைக் கட்டையில் குத்திவிட்டு, முற்றத்துச் சேற்றில் மண்டியிட்டான். “அக்கா, நான்தான்க்கா” என்றான். எல்லாவற்றையும் சொன்னான். அந்தக் கோடாலியை நான் பார்த்தேன், அவனும் பார்த்தான். அதிகாரியிடம் போய்ச் சொல்லடா என்றேன். “ஸ்லாவ்கா வேணாம்னு சொல்லிட்டா” என்றான். அப்படியானால் ஸ்லாவ்காவையே கேட்டுக்கொள்கிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். உனக்கு அந்தக் கடிதத்தை அன்று மாலைதான் எழுதினேன்.

கயிறு இருந்ததா என்று நான் கேட்டது தெரிந்துகொள்ள இல்லை. நீ சொல்வாயா என்று பார்க்கத்தான். எட்டு மாதம் பார்த்தேன்.

கிரில் போய்ச் சொல்லிவிட்டான். “குடித்திருந்தார்” என்ற வரியை எடுத்துவிட்டார்கள். புதுக் காகிதத்தை மிலென்கா இரண்டு முறை படித்துக் காட்டினாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் புதுக் காகிதத்தில் வேறு வரி இருக்கிறது. மேஸ்திரி யாருடைய உத்தரவும் இல்லாமல் தானாகவே கயிற்றை எடுத்தாராம். கத்திய மேனேஜருக்கு அன்று என்ன பேசினோம் என்று ஞாபகமில்லையாம். வழக்கு கிரில் பேரில் மட்டும். வேலையும் போயிற்று. கம்பெனி டைரக்டர் என் வீட்டுக்கே வந்து கைகுலுக்கி, “உண்மை வெளிவந்துவிட்டது” என்றார். கையைக் கழுவக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வராத நாள்.

தெசிஸ்லாவாவை மிலென்காவின் மகள் பார்த்தாளாம். படிப்பை விடவில்லை, சாயங்காலம் ஓட்டலில் வேலை செய்கிறாளாம். உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள்.

என் கயிற்றை ஒரு பையில் போட்டு, முத்திரை வைத்து, அதிகாரி எடுத்துக்கொண்டார். நூலை மட்டும் அவிழ்த்துத் தரச் சொல்லிக் கேட்டேன். கூடாதாம்.

ஸ்தமேனா


ஸ்மிர்செவோ,
டிசம்பர் 13

ஸ்லாவ்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

நேற்று ரங்கெலுக்கு வருஷம். கோதுமை வேகவைத்தேன். கல்லறையில் தண்ணீர் ஊற்றினேன். இந்த முறை பாதிரியார் ஒயின் கேட்கவில்லை. வருஷத் தாளை ஒட்டக் கிளம்பினால், உன் வீட்டுக் கதவில் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. கிரில் தானே அச்சடித்திருக்கிறான். அதில் “குடும்பத்தார்” என்று போடுவார்களே, அந்த இடத்தில் தன் பெயரைப் போடாமல் விட்டிருந்தான். நான் பேனா வாங்கி எழுதிச் சேர்த்தேன். உன் பெயரையும் எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. சித்தி பெயர் இல்லாமல் தாள் ஒட்டுவது வழக்கமில்லை.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுத மூன்று தரம் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

மலையில் இன்னும் பனி இல்லை. எட்டாம் தேதி பழைய குன்றைப் பிரித்துக் கோடு போட்டார்கள். மாணவர்கள் வந்தார்கள், பாடினார்கள், போனார்கள். குளம் நிறைந்திருக்கிறது. ரங்கெல் இடத்துக்குப் புது ஆள் வந்திருக்கிறான், ஸ்பாஸ் என்று பெயர், வெளியூர்க்காரன், கல்யாணமானவன். காலையில் குழாய் வாயில் ஐஸ் உடைக்க அவன்தான் போகிறான்.

புதுக் கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு நேற்று ஏறினேன். பம்ப் பக்கம் கிரில் உட்கார்ந்திருந்தான். வேலையை விட்டு நீக்கியவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கவில்லை. ஒரு முனையை நான் பிடித்தேன், கம்பத்தில் அவன் கட்டினான். அவன் முடிச்சு அவனுக்கே அவிழாது.

ஸ்பாஸ் வந்து பார்த்தான். “இதை அறுத்துடுவாங்களே, அம்மா” என்றான்.

“அறுத்தா மறுபடி கட்டுவேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“நீ எத்தனை நாளைக்கு இங்க வேலை பார்ப்பே?” என்றேன். அவன் சிரித்தான். பிறகு குனிந்து கயிற்றை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.

உன் பெட்டியில் சிவப்பு-வெள்ளை நூல் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதை அனுப்பு. மேல் முடிச்சு வெறுமையாக இருக்கிறது.

கயிறு இன்று காலை இருந்தது. நாளை ஏழு மணிக்கு முன்னால் ஏறிப்போய்ப் பார்க்க வேண்டும். அதனால் இத்துடன் முடிக்கிறேன்.

அக்கா